தோணி போன வழி

மூலக்கொத்தளத்தில் இன்று கொத்தளம் எதுவும் இல்லை. மதிலும் இல்லை. 1758-59இல் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகரத்துக்குள் புகுந்து, அங்கிருந்தபடியே கோட்டையை முற்றுகையிட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரத்தின் விளிம்புவரை வந்து போனது. மிரண்டுபோன ஆங்கிலேயக் கும்பினி அரசு நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் ஒன்றை எழுப்பியது. பழைய சிறைச்சாலைச் சாலை வடக்கு மதிலை ஒட்டியும், வால்டாக்ஸ் சாலை மேற்கு மதிலை ஒட்டியும் உருவானவை. இரண்டும் நெருங்கும் மூலையில்தான் மூலக்கொத்தளம் இருக்கிறது. மதிலில் மிஞ்சிய ஒரு துண்டை ராயபுரத்துப் பக்கம் மாடிப் பூங்காவில் இன்றும் பார்க்கலாம்.

மூலக்கொத்தளம் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவு வருவது இடுகாடு. 1939இல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறை சென்று உயிர் நீத்த நடராசனும் தாளமுத்துவும் அங்கேதான் அடக்கமானார்கள். அவர்களுக்கு மரியாதை செலுத்த ஆண்டுதோறும் ஆட்கள் வருகிறார்கள். அதே இடத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு பழைய நெடுவழி வடக்கே புறப்பட்டுப் போகிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் மிகக் குறைவு.

அது நீர்வழி. பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் வண்டி நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் ஜன்னலுக்கு வெளியே கறுத்துக் கிடக்கும் கால்வாயைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ளும் பயணி, தான் ஒரு பழைய துறைமுகத்தின் வாசலில் நிற்பதை அறிவதில்லை. கால்வாயில் வந்த தோணிகள் ஒதுங்கிச் சரக்கு இறக்குவதற்காக வெட்டிய அகன்ற நீர்த்தேக்கம்தான் அந்த பேசின். வடக்கேயிருந்து விறகும் உப்பும் கிளிஞ்சலும் நெல்லும் மீனும் இங்கே வந்து இறங்கின. பக்கத்திலுள்ள சால்ட் கொட்டாரம் சரக்கு ரயில் நிலையம், உப்பு மூட்டைகள் அடுக்கிய கிடங்குகளின் பெயரைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. சென்னையின் அடுப்பு எரிந்ததும், சோற்றில் உப்பு விழுந்ததும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசியதும் இந்த வழியால்தான். அதன் மறுமுனையில் பழவேற்காடு ஏரியும், அதைச் சுற்றி வயலும் உப்பளமும் சவுக்குத் தோப்புமாகக் கிடக்கும் தட்டையான நாட்டுப்புறமும் இருக்கின்றன. சாலை வழியே சுமார் 60 கிலோமீட்டர். ஒரு விடுமுறை நாளில் போய்வந்துவிடலாம்.

இப்படிப் பழைய வழித்தடத்தைத் தேடிக் கிராமப்புறத்துக்குப் போவதை அமெரிக்கர்கள் பெரிய பண்பாட்டு வழக்கமாகவே ஆக்கிவைத்திருக்கிறார்கள். 1840களிலிருந்து லட்சக்கணக்கான மக்கள் மாட்டு வண்டிகளில் மூட்டை முடிச்சோடு, 3,000 கிலோமீட்டருக்கும் மேலான ஓரிகன் தடத்தில் மேற்கு நோக்கிப் போனார்கள். கான்சஸ், நெப்ராஸ்கா, வயோமிங் மாநிலங்களின் புல்வெளிகள் வழியாகச் சென்றது அந்தத் தடம். 1869இல் கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை முடிந்ததும் வண்டிகள் படிப்படியாகக் குறைந்தன. ஆனால் தடத்தை அவர்கள் விடவில்லை. 1968இல் தேசியத் தடங்களுக்கென ஒரு சட்டம் இயற்றினார்கள். 1978இல் ஓரிகன் தடத்தை அதில் சேர்த்தார்கள். வயோமிங்கில் கெர்ன்சி என்னும் சிற்றூருக்கு வெளியே மணற்பாறையில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளம் சில இடங்களில் ஐந்தடி ஆழம். அதைப் பார்ப்பதற்கென்றே குழந்தைகளை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். ஓடை, கல்லறை, தங்குமிடம் என்று தடம் தொட்ட பல இடங்களின் அருகிலும் ஒரு பலகை நிற்கிறது. அந்த வண்டிகள் போன நிலம் ஏற்கெனவே வேறு மக்களுடையது, அவர்கள் விரட்டப்பட்டார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வரலாறு முழுமையாகும்.

ஓரிகன் வண்டிகளுக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே சென்னையின் நீர்த்தடம் தொடங்கிவிட்டது. பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கும்பினி ஊழியர். பிரிட்டிஷ் கடற்படைக்கு உணவுப் பொருள் ஒப்பந்தம் எடுத்துப் பெரும் பணம் சேர்த்தவர். சென்னையிலிருந்து எண்ணூர் வரை பதினோரு மைல் தூரத்துக்கு அவருடைய பணத்தில் உப்புநீர்க் கால்வாய் வெட்டப்பட்டு 1806இல் முடிந்தது. காக்ரேன் கால்வாய் என்றே அதற்குப் பெயர். தோணிகளிடம் சுங்கம் வசூலித்துப் போட்ட முதலை எடுத்துக்கொள்வது ஏற்பாடு. அவர் பின்பு லண்டன் திரும்பி நீராவிக் குளியல் நிலையம் ஒன்றைத் திறந்தார். அங்கே வேலை பார்த்த பாட்னாக்காரர் தீன் முகமதுதான் பிற்காலத்தில் இங்கிலாந்துக்கு ‘ஷாம்பு’வை அறிமுகப்படுத்தியவராகப் புகழ் பெற்றார். எண்ணூர்த் தோணிகள் கட்டிய சுங்கத்துக்கும் லண்டன் குளியலறைக்கும் இப்படியொரு தூரத்து உறவு.

1837இல் அரசு கால்வாயைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. எண்ணூரோடு நின்றிருந்த கால்வாய் பழவேற்காடு ஏரிவரை நீண்டு, ஏரியைக் கடந்து, ஆந்திரக் கரையோரமாக மேலும் மேலும் வடக்கே போனது. தெற்கிலும் வளர்ந்தது. 1876-78இன் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தின்றபோது, பசித்து வந்தவர்களுக்குக் கூலி வேலையாக மண் வெட்டும் பணி கொடுக்கப்பட்டது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே நகரத்துக்குள் ஓடும் எட்டு கிலோமீட்டர் துண்டு அப்படி வெட்டியதுதான். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் முழுக் கால்வாய்க்கும் சூட்டப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எதுவும் எங்கும் இல்லை. இந்தத் தடத்தில் ஒரே ஒரு நினைவுக்கல் நடலாம் என்றால், அது அவர்களுக்குத்தான் நடப்பட வேண்டும்.

ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து தமிழ்நாட்டின் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் உப்புநீர்க் கால்வாய். கடலை ஒட்டி ஓடினாலும் கடலின் கோபத்துக்கு ஒதுங்கிய வழி என்பதுதான் அதன் பெருமை. சென்னையில் அன்று அலையைத் தடுக்கும் துறைமுகம் இல்லை. கப்பல் சரக்கை மசூலாப் படகில் ஏற்றி அலைகளோடு மல்லுக்கட்டித்தான் கரை சேர்க்க வேண்டும். கால்வாயிலோ தட்டையான அடியுள்ள தோணி நிதானமாகப் போகும். காற்று வாகாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் போதாத இடத்தில் ஆட்கள் கரையில் இறங்கி, தோளில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டே நடப்பார்கள். முகத்துவாரங்கள் வழியாக ஏறி இறங்கும் கடல்நீர்தான் கால்வாய்க்கு ஊட்டம். ஆற்றைக் கடக்கும் இடங்களில் நீர்மட்டத்தைக் காக்க ‘லாக்’ என்ற இரட்டைக் கதவுகள் இருந்தன. ஸ்ரீஹரிகோட்டாவிலும் நெல்லூர்க் கரையிலும் வெட்டிய சவுக்குக் கட்டை இப்படித்தான் சென்னையின் விறகுத் தொட்டிகளுக்கு வந்து சேர்ந்தது.

ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்டது என்றாலும், அது மேற்கே வாலாஜா நோக்கிப் போனது. வடக்குக் கால்வாய்க்குப் போட்டி வரவில்லை. 1899இல் சென்னையிலிருந்து பெஜவாடாவுக்குக் கரையோர ரயில் பாதை திறந்தபோதுதான் முதல் அடி விழுந்தது. அதற்கப்புறமும் தோணிகள் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தன. அவசரமில்லாத, கனமான, விலை குறைந்த சரக்குக்குத் தண்ணீரைப் போல மலிவான வழி வேறு கிடையாது. பிறகு வடக்கே போகும் ஜி.என்.டி. நெடுஞ்சாலையில் லாரிகள் பெருகின. 1960களின் நடுவிலும் 1976இலும் வீசிய புயல்கள் கரைகளையும் கதவுகளையும் சிதைத்தன. சமையல் எரிவாயு வந்து விறகுத் தொட்டிகளும் மூடின. நகரத்துக்குள் கால்வாய் சாக்கடையானது. மயிலாப்பூர்ப் பக்கம் பறக்கும் ரயிலின் தூண்களை அதன் நடுவிலேயே இறக்கினார்கள். 2008இல் தேசிய நீர்வழி எண் 4 என்ற தகுதி கிடைத்தது. தோணி திரும்பவில்லை.

தோணிக்குப் பதில் இன்று கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் இருக்கிறது. மூர் மார்க்கெட் வளாகத்தில் ஏறினால் பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று வடசென்னையின் முதுகெலும்பு வழியாகவே போகும். எண்ணூரைத் தாண்டியதும் சட்டென்று கட்டடங்கள் விலகி, இருபுறமும் தண்ணீர் விரிகிறது. கொசஸ்தலை ஆறும் கால்வாயும் கடலும் கூடும் இடம் அது. ஒரு காலத்தில் கோட்டை அதிகாரிகள் ஓய்வெடுக்க வந்த உப்பங்கழி. இன்று கண்ணில் படுவது அனல்மின் நிலையப் புகைபோக்கியும், சாம்பல் மேடும், உயர் அழுத்த மின்கம்பிகளும். 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதற்குள் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அதைவிடப் பெரியவை எழுந்துவிட்டன. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம்.

இந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகக் கூடாது. பழைய வழிக்கு மிகப் பெரிய காயம் இங்கேதான் பட்டிருக்கிறது. சாம்பல் படிந்து கழியின் ஆழம் குறைந்தது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை இளைஞர்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், கழிக்கரைக் குப்பங்களின் படகையும் வலையையும் வீட்டுச் சுவரையும் கறுப்பாக்கியது. இத்தனைக்கும் பிறகும் இங்கே மனிதர்கள் இறால் பிடிக்கிறார்கள். இருளர் பழங்குடிப் பெண்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்தபடி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி, பிடித்த இறாலைப் பல்லில் கவ்விய ஓலைப் பறிக்குள் போடுவார்கள். காக்ரேன் வருவதற்கு எவ்வளவோ முன்னாலிருந்து இந்த நீரை அறிந்தவர்கள் அவர்கள். ஓரிகன் தடத்தின் கதையில் பழங்குடிகள் ஓரமாக ஒதுக்கப்பட்டதுபோல, கால்வாயின் கதையிலும் இவர்கள் பெயர் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

மீஞ்சூருக்கு மேல் நிலம் பச்சையாகிறது. பொன்னேரியில் இறங்க வேண்டும். ஆரணியாற்றின் கரையில் உள்ள இந்த ஊரில் அகத்தீசுவரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் சித்திரையில் எதிரெதிரே வந்து சந்திக்கும் ஹரிஹரன் விழாவுக்குச் சுற்றுப்புறமே திரண்டுவிடும். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து. சுமார் 20 கிலோமீட்டர். நெல் வயல், ஏரிக்கரை, பனை, பிறகு மெல்ல மெல்ல மணல். மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லாத நாடு. வானம் தரைவரைக்கும் இறங்கி நிற்கும்.

பழவேற்காட்டைச் சென்னைவாசிகள் மீன் வாங்கவும் பறவை பார்க்கவும் போகும் ஊராக மட்டும் நினைக்கிறார்கள். சென்னை பிறப்பதற்கு முன்பே உலகம் அறிந்த ஊர் அது. விஜயநகர காலத் துறைமுகம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் வந்தார்கள், அவர்கள் கட்டிய மகிமை மாதா கோயில் தமிழகக் கரையின் மிகப் பழைய கிறித்தவ ஆலயங்களில் ஒன்று. 1610இல் டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி வணிகத் தளம் அமைத்தது. 1612இல் மயிலாப்பூர்ப் போர்த்துக்கீசியர் அதை அழிக்க, 1613இல் கெல்ட்ரியா என்ற கோட்டையே எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக்காரர்களின் தலைநகரம் பழவேற்காடுதான்.

ஆங்கிலேயர்களும் இங்கே கால் பதிக்க முயன்றார்கள். டச்சுக்காரர்களின் நெருக்கடி தாங்காமல் ஏரியின் வடமுனைப் பக்கம் துகராஜப்பட்டினத்தில் ஆர்மகான் என்ற கிடங்கைத் திறந்தார்கள். அங்கே அதிகாரியாக இருந்த பிரான்சிஸ் டே, நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் வேறு இடம் தேடித் தெற்கே வந்தபோது கண்டதுதான் மதராசப்பட்டினத்தின் மணல்வெளி. 1639இல் அந்த நிலம் கைமாறியது. ஆக, சென்னைக்கு வித்திட்டவர்கள் இதே ஏரிக்கரையிலிருந்து இதே கரையோரமாக இறங்கி வந்தவர்கள். வடசென்னைக்காரர் பழவேற்காட்டுக்குப் போவது தன் ஊரின் முன்கதைக்குப் போவதாகும்.

இந்த ஊரின் செல்வம் துணியிலிருந்து வந்தது. சுற்றுவட்ட நெசவாளர்களின் கட்டம் போட்ட துணியை டச்சுக் கப்பல்கள் கிழக்குத் தீவுகளுக்குக் கொண்டுபோய்க் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கின. மலேசியாவில் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘காயின் பெலேக்காட்’ என்று பெயர். பெலேக்காட் என்பது இந்த ஊர்தான். கோட்டைக்குள் வெடிமருந்து ஆலை இருந்தது, நாணயச் சாலை இருந்தது. அதே துறையிலிருந்து, பஞ்சத்திலும் போரிலும் சிக்கி விற்கப்பட்ட பல்லாயிரம் மனிதர்கள் அடிமைகளாகக் கிழக்குத் தீவுகளிலிருந்த படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். டச்சுப் பெருமை பேசும் சுற்றுலாக் குறிப்புகள் இதை விட்டுவிடுவது பெரிய பிழை.

கோட்டை இன்று முள்மரம் மூடிய மேடும், அதைச் சுற்றி அகழியின் தடமும்தான். ஆனால் கடைத்தெருப் பக்கம் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே கருங்கல் பலகைகளில் டச்சு எழுத்து, குலச் சின்னம், கப்பல், கொடி எல்லாம் அவ்வளவு நுட்பமாக வெட்டப்பட்டிருக்கின்றன. நிதானமாக ஒவ்வொரு கல்லாகப் பார்க்க வேண்டிய இடம். இதற்குச் சற்றும் குறையாதது செம்புறாங்கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில். அதன் ராமாயணக் குறுஞ்சிற்பங்கள் ஓவியம்போல வரிசை கட்டி ஓடுகின்றன. பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நேரம் பார்த்த சூரியக் கடிகாரம் இருக்கிறது. முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் கொட்டான்களை வாங்கிவராமல் திரும்பக் கூடாது. அந்த விரல் வேலைக்கு அவர்களுக்குக் கிடைக்கும் காசு மிகச் சொற்பம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. மழை நீர் வந்து ஏரி நிறைந்திருக்கும். பூநாரைகளும் வலசைப் பறவைகளும் இறங்கியிருக்கும். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. எதிரே தெரியும் ஸ்ரீஹரிகோட்டா, அன்று விறகு அனுப்பிய தீவு; இன்று ராக்கெட் அனுப்புகிறது. படகுச் சவாரியை எதிர்பார்த்துப் போகக் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சவாரி தடை செய்யப்பட்டது. யாராவது ரகசியமாக அழைத்தாலும் ஏற வேண்டாம். கரையில் நடந்தாலே பார்க்க வேண்டியது எல்லாம் தெரியும்.

கரையில் நடப்பவர் கண்ணில் படாத ஒரு பாரம்பரியமும் இந்த ஏரியில் உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். நல்ல மீன்பாடு உள்ள நீர்ப்பகுதிகளைப் பட்டினவர் என்னும் மீனவர் சமூகத்தின் குப்பங்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, ஒரே ஆள் எப்போதும் நல்ல இடத்தைப் பிடித்துவிடாதபடி முறை வைத்து இறங்கும் ஏற்பாடு அது. தலைக்கட்டாகப் பெயர் எழுதப்பட்டவருக்குத்தான் உரிமை. எந்த நாள் யாருக்கு, எந்த இடத்தில் எந்த வலை என்பதை ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். எழுதிய சட்டம் எதுவும் இல்லாமல் தலைமுறைகளாக நடந்துவருகிறது. பொதுச்சொத்தை மக்கள் தாங்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய வெளிநாட்டு அறிஞர்கள்கூட இங்கே வந்திருக்கிறார்கள்.

அந்த ஏற்பாட்டுக்கு இப்போது நெருக்கடி. பாடு முறையில் இடமில்லாத இருளர்களும் பிற சாதியினரும் தங்களுக்கும் ஏரியில் பங்கு வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. தலைக்கட்டுகள் பெருகப் பெருக ஒரு குடும்பத்துக்கு முறை வரும் நாட்களின் இடைவெளி நீள்கிறது. மணல் அடைத்து முகத்துவாரம் மூடிக்கொள்ளும்போது கடல்நீர் ஏறுவதில்லை, இறால் குஞ்சும் வருவதில்லை. முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்கக் கல் சுவர் எழுப்பும் பணி பல ஆண்டு வேண்டுகோளுக்குப் பிறகுதான் நடந்தது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை எதிர்த்து ஏரிக்கரைக் குப்பங்கள் பல ஆண்டுகளாகப் போராடிவருகின்றன. துறைமுகத்துக்காகக் கரை மாறினால் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள மெல்லிய மணல் திட்டு அரித்துப் போகும் என்பது அவர்களின் அச்சம். அந்தத் திட்டு போனால் ஏரி கடலாகிவிடும். பாடு முறை வைத்து இறங்க ஏரியே இருக்காது.

பொன்னேரிக்குத் திரும்பும் பேருந்தில் ஏறுமுன், சந்தைக்குப் போய் அன்று பிடித்த நண்டோ இறாலோ வாங்கலாம். இன்றைய பாடு யாருடையது என்று கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள்.